மழையை விட்டுவிட்டு எடுத்த படம்

படத்தில் மழை இல்லை, அதனால் தியேட்டருக்குள் பெய்தது. வெள்ளூரணியில் இதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. முதல் நாள் முதல் காட்சியில், வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக நாயகன் ஒரு கடற்கரையில் ஐம்பது பெண்களுக்கு நடுவே கைகளை விரித்துப் பாடத் தொடங்கியபோது, கதைக்காரர் என்று நடுவரிசையில் மாலை போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்த தவசிலிங்கத்தின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைத் தன் கண்ணீர் என்றே நினைத்தார். அழுவதற்கு வேண்டிய அத்தனையும் எதிரே திரையில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சொட்டு மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அதற்கடுத்தது எல்லோர் மேலும் விழுந்தது; முறுக்குப் பொட்டலத்தின் மேலும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளின் மேலும், மாலையிலிருந்த சம்பங்கியின் மேலும், இடமிருந்து வலமாகச் சாய்ந்த நேர்த்தியான மழையாக விழுந்தது. திரையில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. நாயகனின் முடி வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த முடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பின்னால் தெரிந்தது. நனைந்தால் அது படியாது. படியாவிட்டால் அது யாருடைய முடி என்ற கேள்வி வரும். ஆகவே மழை வேண்டாம் என்று நாயகன் சொல்ல, வேண்டாமென்றால் வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்ல, கதையிலிருந்து மழை எடுக்கப்பட்டது.

ஆனால் 'ஈரக்கை' என்ற அந்தச் சித்திரக்கதையில் மழை பெய்யாத கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. தவசிலிங்கம் எழுதி வரைந்தது அது. வெள்ளூரணியில் அத்தியாயம் அத்தியாயமாக அச்சாகி, பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கி, தென்மாவட்டம் முழுக்கப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஈரக்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் பிணங்களைக் குளிப்பாட்டுகிறவன். கேட்க ஆளில்லாத பிணம் ஒன்று வந்தால், குளிப்பாட்டி முடித்து, அதன் காதோரம் குனிந்து 'யாரு?' என்று ஒரே சொல் கேட்டுவிட்டு, மழையில் இறங்கி, அந்தச் சாவுக்குக் காரணமானவனைத் தேடிப் போவான். பெரும்பாலும் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தும் ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பி வந்து கையைத் துடைப்பான், கை காயாது. கடைசிப் பக்கத்தில் மேசை மேலிருக்கும் துணியை விலக்கினால் அவன் முகமே படுத்திருக்கும். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகத் தவசிலிங்கம் காலண்டருக்கு முருகனும் தீப்பெட்டி லேபிளுக்குக் கிளியும் வரைந்துகொண்டிருந்தாரே தவிர, ஒரு கதைகூட வரையவில்லை.

படத்தில் ஈரக்கை போலீஸ் அதிகாரி. பிணமே இல்லை. கை ஏன் ஈரம் என்பதற்கு, தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்ட கை என்று ஒரு வசனம் இருந்தது. கடைசியில் அவன் எல்லோரையும் சுட்டுவிட்டுச் சூரியன் உதிக்கிற திசையில் மோட்டார் சைக்கிளில் போனான்.

விளக்கு போட்டதும் மழை நின்றது. ஜனங்கள் வேட்டியைப் பிழிந்துகொண்டும் முந்தானையை உதறிக்கொண்டும் வெளியே வந்தார்கள். வாசலில் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

"படம் எப்படிக்கா?" என்று அடுத்த காட்சிக்கு நின்றவள் கேட்டாள்.

"படத்த விடு. மழை அருமை" என்றாள் சொர்ணக்கிளி. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். அவள் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டிவிடும்.

தியேட்டர்காரர் ரத்னவேல் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, தகரம் தகரமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளங்கால் சுட்டுக் குதித்துக்குதித்து இறங்கி வந்தார். "ஓட்டையே இல்ல அண்ணாச்சி. மேல காக்கா மூக்க நனைக்கக்கூடத் தண்ணி இல்ல" என்று தவசிலிங்கத்திடம் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற நாயகனின் பெரிய பேனரை அவிழ்த்து, கத்தரித்து, ஸ்பீக்கர்கள் நனையாமல் இருக்க அவற்றின்மேல் சுற்றிக் கட்டினார். அவ்வளவுதான். ஆச்சரியம் அவருக்கு அதோடு தீர்ந்துபோயிற்று.

வெள்ளூரணி காய்ந்த ஊர். காய்ந்த ஊர் என்பதால்தான் அங்கே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சாபீசும் வந்தன. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. லாரி வந்தால் தெருவே ஓடும். அப்படிப்பட்ட ஊரில், தியேட்டர் தரை திரையை நோக்கிச் சரிவாக இருந்ததால், நாலு காட்சித் தண்ணீரும் திரைக்குக் கீழே குளமாகத் தேங்கி நின்றதைக் கண்டு ஒருத்தி சும்மா இருப்பாளா? மறுநாளே சொர்ணக்கிளி குடத்தோடு வந்தாள். அதற்கு மறுநாள் அவள் தெரு வந்தது. தரைத் தண்ணீர் துணி துவைக்க, நேரே குடத்தில் பிடிப்பது குடிக்க என்று ஆயிற்று. குடத்துக்குத் தனி இருக்கை கேட்டார்கள், ரத்னவேல் கொடுத்தார். மழை வலப்பக்கம் சாய்வதால் குடத்தை வலது கைப்பிடியோரம் வைத்து வாயை இடப்பக்கம் சாய்த்தால் சீக்கிரம் நிறையும் என்று கண்டுபிடித்தார்கள். கட்டுக் குடுமி போட்ட பூசாரியிலிருந்து பட்டாசுக் கடைக்காரர் வீட்டு மருமகள் வரை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மற்ற ஊர்களில் படம் மூன்றே நாளில் பெட்டியைக் கட்டியது. அந்த ஊர்களில் ஏன் மழை பெய்யவில்லை என்று இங்கே யாரும் யோசிக்கவில்லை. அடுத்த ஊர்த் தண்ணீரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?

இருந்து பார்த்துப் பழகியதில் பெண்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. படம் எங்கே கதையை விட்டு விலகுகிறதோ அங்கே மழை வலுத்தது. கடற்கரைப் பாட்டுக்குக் கொட்டியது. தங்கைக் காய்ச்சலுக்கு நிதானமாகப் பிடித்தது. மோட்டார் சைக்கிளுக்கு அடைமழை. ஒரே ஓர் இடம், நாயகன் சாலையில் அடிபட்டுக் கிடக்கும் யாரோ ஒரு கிழவரின் கண்ணை மூடிவிடும் இடம், அது மட்டும் எப்படியோ தவசிலிங்கத்தின் கோட்டிலிருந்து அப்படியே வந்திருந்தது. அப்போது மழை சட்டென்று நிற்கும். பெண்கள் அந்த நேரத்தில் குடம் மாற்றிக்கொள்வார்கள், சேலையைப் பிழிந்துகொள்வார்கள். பிறகு பாட்டு வந்ததும் விசிலடிப்பார்கள்.

அந்த விசில் அச்சாபீஸ் தெருவில் இருந்த வீட்டுவரை கேட்டது. தவசிலிங்கம் ஜன்னலைச் சாத்தினார்.

"எதுக்குச் சாத்துறீக? ஊரே குளிச்சுக் குடிச்சுக் கும்பிடுது" என்றாள் அவர் மனைவி கனகமணி. வீட்டில் அண்டா நிறைய அந்தத் தண்ணீர்தான் இருந்தது. லேசாக மை வாசம் அடிக்கும், ஆனால் பருப்பு நன்றாக வெந்தது.

"என் பேரு போட்டு அந்தக் கூத்து ஓடுது."

"ஓடட்டுமே. அது ஓடாட்டி நான்ல லாரிக்குப் பின்னால ஓடணும்."

அவர் அலமாரியிலிருந்து, அத்தியாயங்களைச் சேர்த்துக் கட்டிய தன் புத்தகத்தை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று யோசித்தபடியே திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிணவறை வாசலில் ஈரக்கை நிற்கும் முதல் பக்கத்தில் மழை இல்லை. கோடுகள் அழிக்கப்பட்ட தடம்கூட இல்லை. வெறும் வெள்ளைத் தாளில் அவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். அடுத்த பக்கங்களில் மழை நூலாக மெலிந்திருந்தது. கடைசி அத்தியாயத்தில் மட்டும் இன்னும் கனமாகப் பெய்துகொண்டிருந்தது. தியேட்டரில் விழுவது எங்கிருந்து விழுகிறது என்று அவருக்குப் புரிந்தது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் புரிந்தது.

அவருக்கு ஏற்பட்டது துக்கமில்லை, ஒருவிதமான வெட்கம். ஏனென்றால் அந்த மழை அவருடையதில்லை என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். முதல் அத்தியாயத்தை அவர் மழையே இல்லாமல்தான் வரைந்தார். அச்சாபீசில் பிளேட் போடுகிற ஆள் நெகட்டிவை மண் ஒட்டிய துணியால் துடைத்துவிட, இடமிருந்து வலமாக ஆயிரம் கீறல் விழுந்து, தாளில் கறுப்புக் கோடுகளாக இறங்கிவிட்டது. பாழாய்ப் போன தாளெல்லாம் பட்டாசுக் குழாய் சுற்றத்தான் போகும். ஆனால் தீபாவளிக்குப் புத்தகம் கடைக்குப் போயாக வேண்டியிருந்ததால் முதலாளி அப்படியே கட்டி அனுப்பினார். தவசிலிங்கம் தலைமறைவாகத் திரிந்தார். பிறகு டீக்கடையில் ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "என்னமா மழைய வரைஞ்சிருக்கீக! படிச்சு முடிச்சதும் சட்டையத் தொட்டுப் பாத்தேன்" என்றார். இரண்டாவது அத்தியாயத்திலிருந்து அவர் மழை வரையத் தொடங்கினார். இடதுகைக்காரரான அவருக்குக் கோடு தன்னால் இன்னொரு பக்கம் சாயும். மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கீறலைப் போலவே வலப்பக்கம் சாய்த்து, முடியும்வரை வரைந்தார். தன்னைத் தூக்கிவிட்டது கையா கீறலா என்ற கேள்வி அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததுதான். அது எழுந்து போகவே இல்லை. ஒருவேளை அதனால்தான் அவர் கதையை முடித்தார். இன்னொன்று தொடங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த நிலையில் ஒருநாள் காலை இயக்குநர் அகிலேஷ் வந்தான். தாடிவைத்த, கண்ணுக்குக் கீழே கறுத்த, முப்பது வயதுக்காரன். வந்ததும் தவசிலிங்கத்தின் காலைத் தொட்டான்.

"மன்னிச்சிருங்க சார். பத்து வயசுல உங்க புக்க போர்வைக்குள்ள வச்சுப் படிச்சவன் நான். அவங்க எடுக்கச் சொன்னத எடுத்தேன். ஆனா நான் நெனச்சதையும் திருட்டுத்தனமா எடுத்து வச்சிருந்தேன் சார். வேற ஆள வச்சு, மழையோட, பிணவறையோட. எல்லாத்தையும் சேத்து இப்போ ஒரு படமா கோத்துட்டேன். நீங்க இதுதான் என் கதைன்னு ஒரு வார்த்தை சொன்னா, பழசத் தூக்கிட்டு எல்லா இடத்துலயும் இதையே போட ஒத்துக்கிட்டாங்க."

ரத்னவேலிடம் சொல்லி அன்று காலைக் காட்சிக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தவசிலிங்கம், அகிலேஷ், ரத்னவேல், மூன்று பேர். திரையில் மழை பெய்தது. ஈரக்கையின் முதுகுதான் பெரும்பாலும் தெரிந்தது, ஆனால் அது ஈரக்கையின் முதுகு. அவன் ஒரு சிறுமியின் பாதங்களைக் கழுவியபோது தவசிலிங்கம் முன்னிருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் நினைத்ததும், நினைத்து வரைய முடியாமல் போனதும் அங்கே இருந்தன. கடைசியில் துணி விலகியது. இருட்டானது. விளக்கு வந்தபோது அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், ஈரமாக இருந்தது. சட்டையைத் தடவிப் பார்த்தார்; மொரமொரவென்று காய்ந்திருந்தது. மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு இடுப்பில் குடத்தோடு சொர்ணக்கிளி வந்தாள். "என்ன அண்ணாச்சி, படம் ஓடிச்சாம்ல, கீழ ஒரு சொட்டக் காணோம்?"

அவள் திரையைப் பார்த்தாள், அகிலேஷைப் பார்த்தாள், காய்ந்த தரையைப் பார்த்தாள். "நல்லா எடுத்துட்டீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு, குடத்தை மெதுவாக இருக்கையில் வைத்தாள்.

தவசிலிங்கம் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தம்பி, இது நல்ல படம். நான் செத்தாலும் இதை மறக்க மாட்டேன். ஆனா என் வாயால அந்த வார்த்தைய இப்போ சொல்ல மாட்டேன்."

"சார், அந்தக் குப்பை உங்க பேர்ல ஓடுது சார்! வருஷக்கணக்கா ஓடும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாரு சொன்னது?" என்றார் தவசிலிங்கம். "எரியுது. ஓடட்டும்."

அகிலேஷ் அழுதான். ரத்னவேல் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

ஆனால் தியாகம் செய்தவர் நிம்மதியாக இருக்க அந்த மழை விடவில்லை. பாட்டுக்கே தூறல்தான் என்று ஆயிற்று. குடம் நிறைய இரண்டு காட்சி உட்கார வேண்டியிருந்தது. பெண்கள் நாயகனைத் திட்டினார்கள்; அவன் முன்னைப்போல மோசமாக ஆடவில்லை என்றார்கள். பூசாரி திரைக்கு வேப்பிலை கட்டினார். தவசிலிங்கம் தினமும் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். கடைசிப் பக்கத்தில், துணி விலகிய மேசைக்கு மேல் ஜன்னலில், நாலைந்து கோடு மிஞ்சியிருந்தது. அப்புறம் அதுவும் போயிற்று. அன்றைக்குக் காட்சி முழுக்கக் காய்ந்தே ஓடியது. ஜனங்கள் அந்தப் படத்தை முதல்முறையாகப் படமாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர் உட்கார்ந்து மழை வரைந்தார். மணிக்கட்டை முறுக்கி, பழைய சாய்வில், தாள் தாளாகக் கோடு போட்டார். ஆளில்லை, கதையில்லை, வெறும் மழை. மறுநாள் தியேட்டரில் தூசிதான் பறந்தது.

சாயங்காலம் சொர்ணக்கிளி வீட்டுக்கு வந்தாள். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். கனகமணி கொடுத்த காப்பியை ஊதிக்கொண்டே, வரைந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"என்னண்ணாச்சி இது, சீவலா?"

"மழை."

"யாருக்குப் பெய்யுது?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு நனையுறான்னு கேக்கேன். ஆளில்லாத மழை என்னத்துக்கு?" காப்பியைக் குடித்து முடித்தாள். "எங்க அண்ணன் உங்க புக்கெல்லாம் சேத்து வச்சிருந்தான். நானும் களவா எடுத்துப் படிப்பேன். ஒண்ணு மட்டும் இன்னைக்கு வரைக்கும் மனசுல கெடந்து அரிக்குது. ஊர்ல செத்தவனையெல்லாம் அவன் குளிப்பாட்டுனான். அவனை யாரு குளிப்பாட்டுனா? அப்படியே போட்டுட்டு வந்துட்டீகளே அண்ணாச்சி. ஒரு மனுசன அப்படிப் போட்டுட்டு வரலாமா?"

அவள் போனபிறகும் தவசிலிங்கம் கவிழ்ந்த குடம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகமணி வந்து மழைத்தாள்களைப் பொறுக்கி, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். அவர் தடுக்கவில்லை.

விடிந்ததும் குளித்தார், அண்டாவின் அடியிலிருந்த கடைசித் தண்ணீர் அது. மேசையில் உட்கார்ந்து புதுத்தாளை ஒட்டினார். முடிந்த இடத்திலிருந்து தொடங்கினார். துணி விலகியிருக்கிறது. மேசைமேல் ஈரக்கை படுத்திருக்கிறான். அவனைப் பார்த்தபடி ஈரக்கை நிற்கிறான். பயந்து ஓடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறான், குழாய் காற்றை விடுகிறது. ஆஸ்பத்திரி முழுக்கக் குழாய் குழாயாகத் திறக்கிறான், எங்கும் காற்று. காயாத தன் கையைப் பார்க்கிறான், அந்தக் கை காய்ந்திருக்கிறது. திரும்பி வந்து, கேட்க ஆளில்லாத எல்லோரிடமும் கேட்டதைத் தன் காதோரம் குனிந்து கேட்கிறான்: 'யாரு?' பதில் வரும்வரை நிற்கிறான். அவனை அங்கே போட்டுவிட்டு வந்தது யார் என்ற பதில் தவசிலிங்கத்துக்குத் தெரிந்திருந்தது, பல வருஷமாகத் தெரிந்திருந்தது. அதை அந்த முகத்தில் வரைந்தார், எழுத்தில்லாமல். பிறகு ஈரக்கை சுவரோரம் போய், கம்பி பிடித்து ஏறி, பிணவறைக் கூரையின் ஓடுகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான். வானம் தெரிகிறது. மழை அவர்கள் இருவர்மேலும் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை ஏந்தி, முதலில் பாதங்களை, பிறகு முழங்காலை, மெதுவாக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டுகிறான்.

மழைக்கோடு போடத் தொடங்கியபோது பழக்கத்தில் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. அவர் நிப்பைத் தாளிலிருந்து எடுத்தார். கையை உதறினார். கீறலுக்கு இனி எவ்வளவு நாள் கூலி வேலை செய்வது? கையை அது போகிற போக்கில் விட்டார். கோடு இடப்பக்கம் சாய்ந்து வந்தது. மோசமாகத்தான் இருந்தது முதலில். அவர் நிறுத்தவில்லை. மத்தியானச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு வரைந்தார், கை வலித்தபோது தேய்த்துக்கொண்டு வரைந்தார், இது கலையா இல்லையா என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவனைக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த கோட்டை வரைந்தார்.

மறுநாள் பகல் காட்சிக்கு அவரே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். ரத்னவேல் படத்தை மாற்றுவதென்று முடிவுசெய்து வைத்திருந்தார். "இன்னைக்கு ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்" என்றார் தவசிலிங்கம். பாதி அரங்குதான் இருந்தது. பழக்கத்தில் வந்த பெண்கள், பழக்கத்தில் வைத்த குடங்கள், எல்லாம் வலது கைப்பிடியோரம். படம் தொடங்கியது. போலீஸ் ஜீப் வந்தது. தங்கை வந்தாள். ஈரத்துணி வசனம் வந்தது. ஒன்றுமில்லை. தவசிலிங்கம் தன் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, அந்தப் படத்தை ஒரு காட்சி விடாமல் கண்கொட்டாமல் பார்த்தார். கடற்கரை வந்தது. வெள்ளைக் கால்சட்டை வந்தது. நாயகன் கைகளை விரித்தான்.

குடத்தின் வெறும் அடியில் டணங்கென்று ஒன்று விழுந்தது.

பிறகு எல்லாக் குடமும் சத்தம் போட்டது. பெண்கள் விசிலடித்தார்கள். ஆனால் தண்ணீர் குடத்தின் வெளிப்பக்கம் வழிந்து மடியில் இறங்கியது. சொர்ணக்கிளி எழுந்து நின்று, உள்ளங்கையை நீட்டி, மழையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏளா, மழை இந்தப் பக்கமால்ல சாயுது! குடத்தைத் திருப்பி வைங்கடி!"

அரங்கு முழுக்கக் குடங்கள் வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாறின. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த தவசிலிங்கமும் தன்னுடையதை மாற்றிச் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க அண்ணாச்சி, பாட்டே இன்னும் முடியலையே?"

"நெறஞ்சதும் என் குடத்தை வீட்டுல குடுத்துரும்மா" என்றார். "நாளைக்கு உள்ளத இன்னும் வரையல."

அவர் வெளியே வந்தபோது தெரு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சட்டை சொட்டச்சொட்ட, நிழல் தேடாமல், அச்சாபீஸ் தெருவைப் பார்த்து நடந்தார்.